வரப்புக்கு இந்தப் பக்கம் நான்

ஜூலை 6
இன்றும் நடவு. முதுகு நிமிரவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் பூன்மா மாமாவின் வயல். அவர் மகன் சுதின் என் காதில் விழ வேண்டும் என்றே பாடினான்:

"வடக்கு வயல் நாத்தெல்லாம் வரிசையா நிக்குது,
தெக்கு வயல் நாத்து மட்டும் சாராயம் குடிச்சுதோ?"

பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன். வாய் கேட்டால்தானே!

"சாராயம் குடிச்ச நாத்து சாயங்காலம் தெளிஞ்சிடும்,
உன் தொண்டைக் கரகரப்பு எந்த மழைக்குத் தெளியும்?"

நடவுப் பெண்கள் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"அந்த வீட்டு ஆளோட உனக்கு என்ன பேச்சு?"

"பேசலப்பா, பாடினேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

வாய்க்கால் தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது. வரப்பு மட்டும் பொது.

ஜூலை 7
இன்றும் பாடினோம். பாதியிலேயே அவன் நாற்றுக்கட்டு எடுக்கப் போய்விட்டான். நான் ஜெயித்தேன்!

ஜூலை 19
பாங்காக்கிலிருந்து அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறாள். அறுவடை முடிந்ததும் அவள் வேலை செய்யும் தையல் ஆலையில் எனக்கும் வேலை. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு? எருமை மேய்த்த வயதிலிருந்து பாடிக்கொண்டிருக்கிறேன். எருமைகளாவது காதை ஆட்டும். அங்கே மிஷின் சத்தத்தில் யார் கேட்பார்கள்?

அக்டோபர் 21
பிக்குகளுக்கு ஆடை வழங்கும் திருவிழா வருகிறது. ஊர்த்தலைவரின் மனைவி சோம்சி அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வயல்ல நீங்க ரெண்டு பேரும் ஊரையே சிரிக்க வச்சீங்களே, அதையே விகாரை மேடையில பாடு விலாய். எதிர்ப்பாட்டு சுதின். கென் குழல் அவங்கப்பா ஊதுவாரு."

பூன்மா மாமா அந்த மூங்கில் குழலை வாயில் வைத்தால் நாய்கூடக் குரைப்பதை நிறுத்தும். ஆனால் அப்பா...

"விகாரைக்குன்னா பாடட்டும். நான் வரமாட்டேன்."

அக்டோபர் 29
மேடையில் என்ன பாடுவது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளலாமா என்று சுதினிடம் கேட்டேன். "பயமா இருந்தா இப்பவே சொல்லிடு, உங்க எருமையக் கூட்டிட்டு வர்றேன், அது பாடட்டும்" என்கிறான். திமிர்.

நவம்பர் 8
திருவிழா நாள்.

மதியம், விகாரை முற்றம் நிறையக் கூட்டம். முதலில் எல்லாம் விளையாட்டுதான். என் மூக்கு, அவன் சைக்கிள், யார் வீட்டுப் பானையில் உப்பில் ஊறும் மீன் அதிகம் நாறும் என்று. கைதட்டல் ஏற ஏற அவனுக்குத் தலை கால் புரியவில்லை.

"விகாரையில கைகூப்பும் நல்ல மனுஷன் ஒருத்தரு,
மடையத் திறக்க மட்டும் மறைஞ்சு மறைஞ்சு வருவாரு!"

பெயர் சொல்லவில்லை. யாருக்குத் தெரியாது? எங்கப்பாவடா! இத்தனை பேருக்கு முன்னாலயா? இறங்கிப் போய்விடலாமா என்று நினைத்தேன். கூட்டம் என் முகத்தையே பார்த்தது. மாமா தலை குனிந்தபடி ஊதிக்கொண்டிருந்தார். எனக்கு வந்தது இதுதான்:

"எங்கப்பன் திறந்த மடைய உங்கப்பன் அடைச்சாரு,
உங்கப்பன் திறந்த மடைய எங்கப்பன் அடைச்சாரு,
ரெண்டு பேரும் முறைச்சு நின்னாங்க மீசைய முறுக்கிக்கிட்டு,
தண்ணி பாத்துச் சிரிச்சுதாம், ஆத்துக்கே போயிடுச்சாம்!"

குழல் நின்றுவிட்டது. செத்தேன் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால், மாமா சிரிக்கிறார். சிரிப்பில் மூச்சுப் பிடித்து ஊத முடியாமல்தான் நிறுத்தியிருக்கிறார்! அதற்குப் பிறகு கூட்டத்தை யாராலும் அடக்க முடியவில்லை.

கீழே இறங்கியதும் சுதின், "தப்புதான் விலாய். வாய் ஓடிடுச்சு" என்றான். நான் வீட்டைப் பார்த்து நடந்தேன்.

நவம்பர் 9
அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார். கை கழுவும்போது சொன்னார்:

"கடைசி வரிய ஏன் அவ்வளவு வேகமாப் பாடின? பின்னாடி நின்னவங்களுக்குச் சரியாக் கேக்கல."

பின்னாடி நின்றாரா!

டிசம்பர் 27
அறுவடை முடிந்தது. ஆலைக்கு எப்போது வருகிறேன் என்று அக்கா கேட்டிருந்தாள். அப்பாவே பதில் சொல்லி அனுப்பிவிட்டார்: "அடுத்த வருஷம் பாப்போம். அவளை வெளியூர்ல பாடக் கூப்பிட்டிருக்காங்க."

ஜனவரி 15
மூன் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு புதுமனை விழா. காலையில் அப்பா பவர் டில்லருக்குப் பின்னால் வண்டிப்பெட்டியை மாட்டினார். சுதினும் நானும் ஆளுக்கொரு ஓரம். நடுவில் பூன்மா மாமா, மடியில் குழல்.

ரோடு முழுக்கப் பள்ளம். "உங்கப்பாவ மெதுவா ஓட்டச் சொல்லும்மா" என்றார் மாமா என்னிடம். நான் சொல்வதற்குள் அப்பா வேகத்தைக் குறைத்துவிட்டார். திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார்:

"பூன்மா, சாப்பிட்டியா? கூடையில சோறு இருக்கு. எடுத்துக்க."

மாமா கூடையைத் திறந்தார்.