மைக்கை மூடிய கை

போன வாரம் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார்களை வருடத்துக்கு ஒருமுறை தூசி தட்டி மேடையில் உட்கார வைப்பார்கள், உனக்குத் தெரியும். வயர் இல்லாத புது மைக் இரண்டே நிமிடத்தில் அடங்கிவிட்டது. மைக்செட்காரர் பெட்டிக்குள் கையை விட்டுத் தன் அப்பா காலத்து மைக்கை எடுத்துக் கொடுத்தார். உருண்டைத் தலை, கம்பி வலை, நல்ல கனம். நான் பேசிக்கொண்டிருக்கும்போது தலைமையாசிரியை பக்கத்தில் குனிந்து, பரிசளிப்புக்கு நேரமாகிறது என்றார். அவருக்குப் பதில் சொல்வதற்காக, யோசிக்காமலே, உள்ளங்கையால் மைக்கை மூடினேன்.

கம்பி வலை கையில் அழுந்தியது. மிச்சப் பேச்சை எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கையை முகர்ந்து பார்த்தேன். இரும்பு, பழைய தூசி, கொஞ்சம் வெற்றிலை. சோப்புப் போட்டுக் கழுவியும் இருப்பதுபோலவே பட்டது. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் நான்கு வருடம் ஆகிறது. தபால்காரனுக்கே எழுதும் கடிதத்தை யார் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று நீ கேட்பாய். கேட்டுக்கொள்.

தோல் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த நம் மைதானத்தை நினைத்தால், முதலில் நம் கிளப் தலைவரைத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப்போன லாரிகளின் முதலாளி அவர். அங்கே மூங்கில் கேலரியில் சனம் நெருக்கி உட்கார்ந்து கால்பந்து பார்ப்பதைக் கண்டு கிறங்கிப்போய், அதே கிறக்கத்தை நம் ஊருக்கு இறக்கினார். கருவேல முள்ளை வெட்டினார். போர் போட்டார். சவுக்குக் கம்பில் கேலரி கட்டினார். வெறுங்காலில் ஆடியவர்களுக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை மிதித்து வந்து, ஆட்டத்தை மைக்கில் சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்ததும் அவர்தான். நீ ஏற்கனவே நடுவராக விசிலோடு நடுவில் நின்றுகொண்டிருந்தாய். தபால் பையைக் கழற்றி என் மேசைக்கடியில் வைத்துவிட்டுக் கறுப்புச் சட்டையை மாட்டிக்கொள்வாய்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த இறுதி ஆட்டம். நம் கிளப்பும் மதுரை அணியும். இடைவேளை வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. நீ தண்ணீர் குடிக்க என் மேசைக்கு வந்தாய். பின்னாலேயே தலைவர் வந்தார். வெள்ளை வேட்டி, முகத்தில் எப்போதுமுள்ள அந்தச் சிரிப்பு.

“ஏனுங்க வாத்தியாரே, அதைக் கொஞ்சம் மூடுங்க” என்றார்.

மூடினேன். அவர் ஏதாவது பேச வந்தால் நான் மூடுவது வழக்கம்தான். சுவிட்சைத் தேடுவதைவிடக் கை சுலபம்.

உன்னிடம் திரும்பி, சந்தை விலை பேசும் சாதாரணக் குரலில் அவர் சொன்னார்: “தம்பி, நம்ம பக்கம் ஒரு பெனால்டி இன்னும் வரலீங்க. அது வந்தாத்தான் சனம் சந்தோசமா வீட்டுக்குப் போகும். உங்க பொண்ணுக்கு டீச்சர் ட்ரெய்னிங் சீட்டு விசயமா நாளைக்கு ஒருத்தரைப் பாக்கப் போறேனுங்க. ரெண்டையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.”

நீ சொம்பைக் கீழே வைத்தாய். “தப்பு நடந்தா விசில் வரும்ணே. நடக்காட்டி வராது.”

என் கை மைக்கின் மேலேயே இருந்தது. நான்காயிரம் காதுகள் அந்தப் பக்கம். நான் கையை எடுத்திருந்தால் போதும், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். எடுக்கவில்லை.

இரண்டாவது பாதியில் நம் சென்டர் பார்வர்டு கோலுக்கு முன்னால், பெனால்டி பெட்டிக்குள் பொத்தென்று விழுந்தான். பக்கத்தில் ஆளே இல்லை. கேலரி மொத்தமும் பெனால்டி கேட்டு எழுந்தது. நீ நடந்து போய், அவனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, மஞ்சள் அட்டையைக் காட்டினாய். கடைசியில் மதுரை ஒரு கோல் போட்டது. பிறகு கல் பறந்தது. போலீஸ்காரர் இருவர் உன்னைச் சைக்கிளோடு வெளியே கொண்டுபோனார்கள். அன்று சாயங்காலமே தலைவர் கேலரியின் முன்னால் நின்று, நடுவர் மதுரைக்கு விலைபோய்விட்டார் என்று சொன்னார். அவர் பேசியது என் மைக்கில்.

நீ மாவட்டக் கால்பந்துச் சங்கத்துக்குப் புகார் எழுதினாய். விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். இடைவேளையில் என்ன பேச்சு நடந்தது என்று கேட்டார்கள். “கூட்டச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழுகலைங்க” என்றேன். சொன்னால் எனக்கு என்ன போயிருக்கும்? வேலை போகாது. வீடு போகாது. மைக் போகும். அவ்வளவுதான். அந்த மைக்குக்காகத்தான் அப்படிச் சொன்னேன். இத்தனை நாள் கழித்தும் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று கிடைக்குமா என்று தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் நீ நின்றுகொண்டிருந்தாய். “காது எப்படி இருக்கு வாத்தியாரே?” என்றாய். நான் சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்தேன். “வா, டீ குடிப்போம்” என்றாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. எடுத்துத் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

உண்மையைப் பாதியாவது சொன்னவன் அந்த சென்டர் பார்வர்டுதான். சின்னாளபட்டியில் நெசவு வீட்டுப் பிள்ளை. ‘தலைவர்தான் விழச் சொன்னார்’ என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அதை வைத்துத் தலைவரைப் பதவியிலிருந்து எடுத்தார்கள். கிளப்புக்கு இரண்டு வருடம் தடை. தலைவர் வாய் திறக்காமல் ஒட்டன்சத்திரத்துக்குப் போய்விட்டார். ஆனால் சீட்டுப் பேச்சு உன் கட்டுக்கதை என்றுதான் ஊர் சொன்னது. சாட்சி எங்கே என்று கேட்டது. சாட்சி எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்திக்கொண்டிருந்தது.

உன் வேலை அப்படி. திட்டின வீட்டுக்கும் நீ போயாக வேண்டும். “மதுரைக்காரரே, நமக்கு லெட்டர் இருக்கா?” என்று வாசலில் நின்று கேட்பார்கள். “இருக்கு, கையெழுத்துப் போடுங்க” என்பாய். உன் மகளுக்கு அந்த வருடம் சீட்டுக் கிடைக்கவில்லை. நூற்பாலைக்குப் போனாள். காலையில் நான் பள்ளிக்குப் போகும் வழியில்தான் மில் வண்டிக்கு நிற்பாள். “வணக்கம் சார்” என்பாள். ஒரு வருடம் வேறு தெருவில் சுற்றிப் போனேன்.

பத்து வருடம் கழித்துத் தலைவர் இறந்தார். மைதானத்தில் மறுபடி போட்டி நடந்துகொண்டிருந்த நேரம். இறுதி ஆட்டத்தில் அவருக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று கமிட்டி அறிவித்ததும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் பெஞ்சுகூட இரண்டாகப் பிரிந்தது.

“அந்தாளு இல்லாட்டி அங்க இன்னிக்கும் கருவேல முள்ளுதான்டா கெடக்கும்” என்றார் ஒருவர்.

“முள்ளா இருந்தா கால்லதானப்பு குத்தும்” என்றார் எதிர் பெஞ்சில் இருந்தவர், தம்ளரிலிருந்து தலையைத் தூக்காமல்.

நான் இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் நின்றுகொண்டே டீ குடித்தேன். அப்போதும்.

கமிட்டிச் செயலாளர் செல்போன் கடை வைத்திருந்த இளைஞர். தலைவர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவருடைய மகன். நல்ல பிள்ளை. டைப் அடித்த தாள் ஒன்றைக் கொடுத்து, சார், இதை நீங்கதான் படிக்கணும் என்றார். மைதானம், போர், பூட்ஸ் என்று எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் ஒரு வரி: ‘பொறாமைக்காரர்கள் சுமத்திய வீண்பழியைப் புன்னகையோடு சுமந்தவர்.’

அந்த ஆட்டத்துக்குச் சங்கம் போட்டிருந்த நடுவர் நீ. முழங்கால் தேய்ந்து, ஓய்வுக்கு இன்னும் சில மாதம். மௌனத்துக்கு மட்டும், கோட்டோரம் கொடி பிடிக்கும் லைன்ஸ்மேன் விசில் ஊதட்டும், நீங்கள் ஓரமாக நில்லுங்கள் என்று கமிட்டியில் கேட்டார்களாம். “ஆட்டத்துக்கு ஊதுறவன்தான் அதுக்கும் ஊதணும்” என்று சொல்லிவிட்டாய்.

முந்தின நாள் அந்தத் தாளோடு தபால் ஆபீசுக்கு வந்தேன். நீ கடிதம் பிரித்துக்கொண்டிருந்தாய். வாங்கிப் படித்தாய். பழக்கதோஷத்தில் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாய். “ஒரு பிழையில்லாம அடிச்சிருக்கானுக” என்றாய். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “படிக்கிறது ஒன் வேலை, ஊதுறது என் வேலை. போ, லெட்டர் கட்டு கட்டணும்” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாய். படிக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வாய் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன்.

அன்றிரவு எனக்கு நானே ஒரு உதாரணம் சொல்லிக்கொண்டேன். வாத்தியாருக்கு வேறு என்ன வரும்? ஒரு பையன் ஒன்பது கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறான். பத்தாவது தப்பு. ஒன்பதுக்கும் மனமார மார்க் போடுவேன். ஒன்பதைச் சரியாகப் போட்டுவிட்டானே என்பதற்காகப் பத்தாவதுக்கும் டிக் போட்டால் நான் வாத்தியார் இல்லை. பத்தாவது தப்பு என்பதற்காக ஒன்பதையும் அடித்தாலும் இல்லை. இது எந்த வாத்தியாருக்கும் தெரியும். எனக்குத்தான் பத்து வருடம் ஆயிற்று.

இறுதி ஆட்டம். இரண்டு அணியும் நடுவட்டத்தைச் சுற்றி நின்றன. நடுவில் நீ. நான் படிக்க ஆரம்பித்தேன். முள் வெட்டியதைப் படித்தேன். போர் போட்டதைப் படித்தேன். பூட்ஸ் என்று வந்தபோது கேலரியில் கை தட்டினார்கள். அடுத்த வரிக்கு வந்து நிறுத்தினேன்.

“இதுக்கு மேல ஒரு வரி இருக்கு. அதை நான் படிக்க மாட்டேன். அது பொய். அன்னிக்கு இடைவேளையில தலைவர் ரெஃப்ரிகிட்ட பெனால்டி கேட்டாரு. பொண்ணு சீட்டைக் காட்டிக் கேட்டாரு. நான் இதே மேசையில இருந்தேன். என் காதால கேட்டேன். நீங்க கேக்கக் கூடாதுன்னு இந்தக் கையால மைக்கை மூடுனேன். விசாரணையில கேக்கலைன்னு சொன்னேன். பொய் சொன்னது ரெஃப்ரி இல்ல, நான்தான்.”

கேலரி வெடித்தது. செயலாளர் ஓடிவந்து மைக்கின் மேல் கையை வைத்து மூடினார். பையனிடமிருந்து சாக்பீஸ் வாங்குவதுபோல, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். மைக்செட்காரரைப் பார்த்தேன். அவர் சுவிட்சுப் பக்கம் போகவில்லை, மேலே பார்த்துக்கொண்டு பீடி பற்ற வைத்தார். ஒரு செருப்பு வந்து மேசையில் விழுந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னேன்: “இந்த மைதானத்தைக் குடுத்ததும் அவர்தான். அதுக்காக எல்லாரும் எந்திரிச்சு நிப்போம்.”

நீ விசில் ஊதினாய். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாய். அந்த மைதானத்தில் முதலில் குனிந்த தலை உன்னுடையது. தலைவருக்கு அஞ்சலி வேண்டும் என்று பத்து நாள் சண்டை போட்டவர்கள் என்னைத் திட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அஞ்சலியே கூடாது என்றவர்கள் உன்னைப் பார்த்து, ஒவ்வொருவராக எழுந்து, சத்தமில்லாமல் நின்றார்கள். நீ கத்தலுக்காக ஒரு நொடியைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. முழுசாக ஒரு நிமிடம். பிறகு விசில். பந்து உருண்டது.

ஆட்டம் முடிந்து, வழக்கம்போல மேசைக்கடியிலிருந்து பையை எடுக்க வந்தாய். செருப்பைப் பார்த்தாய். “ஒத்தச் செருப்புதானா?” என்றாய். சட்டையை மாற்றினாய். கிளம்பும்போது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாய்: “கொடியை இம்புட்டு லேட்டாத் தூக்குன லைன்ஸ்மேனை நான் பாத்ததே இல்லப்பா.”

இரண்டு அடி நடந்து, திரும்பாமலே, “ஆனா தூக்கிட்ட” என்றாய்.

மைக் அன்றோடு போயிற்று. எதற்காகப் பத்து வருடம் பயந்தேனோ அது நடந்தது, மறுநாள் காலையில் வழக்கம்போலப் பசித்தது, இட்லி சாப்பிட்டேன்.

இப்போது மைதானத்துக்கு வளைவு கட்டுகிறார்கள். மேலே தலைவர் பெயர், கீழே அவரைப் பற்றி நான்கு வரி. ஊர் மறுபடி இரண்டு பெஞ்சு. கையெழுத்து வாங்க வந்தவர்களிடம், தலைவர் பெயரை வைக்க முதல் கையெழுத்து என்னுடையது என்று போட்டுக் கொடுத்தேன். அந்த நான்கு வரியில் ‘வீண்பழி’ மறுபடி வந்திருந்தது. அதை மட்டும் சிவப்பு மையில் அடித்தேன். செத்துப்போனவரைப் போய் ஏன் சார் என்றார்கள். செத்துப்போனவர் ஒருவர் இல்லை, இரண்டு பேர் என்றேன். வளைவில் அந்த வார்த்தை ஏறினால், திறப்பு விழாவன்று வாசலில் நின்று, மைக் கொடுக்காவிட்டாலும் சொல்வேன் என்றும் சொன்னேன். என் தொண்டை இன்னும் கடைசி பெஞ்சு வரைக்கும் போகும்.

உன் மகள் மில்லை விட்டு, தபாலில் படித்து, இப்போது காந்திகிராமத்துப் பக்கம் பாலர் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறாள். அந்த ஆண்டு விழாவுக்கு என்னை அழைத்ததே அவள்தான். நான் மைக்கை மூடியதை முன்வரிசையிலிருந்து பார்த்தாள். இறங்கி வந்ததும், “என்ன சார், பழைய பழக்கமா?” என்றாள். உன் வாய் அப்படியே இருக்கிறது அவளுக்கு.

ஆமாம், பழைய பழக்கம்தான். யாராவது பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினால் இந்தக் கை தானாகவே மைக்கைத் தேடிப் போகிறது. அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். வளைவு திறப்பு விழாவில் வலது கையைப் பின்னால் கொண்டுபோய், இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன்.