நடுங்கினது உங்க கை இல்ல

என்னங்க,

கடைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. நேத்து மாதிரி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்காதீங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் கை நடுங்குது, கம்ப்யூட்டர் கேம்ல விமானத்த இறக்க முடியல, அத ஓட்டுற ஜாய்ஸ்டிக்க வித்துடறேன்னு குதிச்சீங்களே? நீங்க தூங்கும்போது நானே அந்த கேம ஓட்டிப் பார்த்தேன். ஓடுபாதை கிட்ட வந்ததும் எனக்கும் அதே மாதிரி படம் வெட்டி வெட்டி இழுத்துச்சு. எனக்கென்ன, ஆபரேஷன் பண்ணின கையா?

செட்டிங்ஸத் தோண்டினா, கம்ப்யூட்டரோட மூளை மாதிரி இருக்குற பிராசஸர்ல வேலையப் பிரிச்சுச் செய்யற எட்டு கோர்ல, விமானத்துக்கு ஒண்ணே ஒண்ணு! மிச்சம் ஏழையும் அதே கம்ப்யூட்டர்ல ஓடற என் தையல் டிசைன் வேலை நிக்கக் கூடாதுன்னு ஒதுக்கி வெச்சிருக்கீங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?

ஆறை விமானத்துக்குக் குடுத்துட்டேன். இப்ப அலுங்காம குலுங்காம இறங்குது. உங்க கைக்கு ஒண்ணும் இல்லங்க. வயித்துல பால வார்த்த மாதிரி இருக்கு.

சாவி செருப்பு ஸ்டாண்டுல.

மறந்துட்டேன்: ஜாய்ஸ்டிக்க வாங்க ஒருத்தர் சாயங்காலம் வர்றாராமே? அட்டைப்பெட்டியப் பிரிச்சு அத மறுபடி மாட்டிட்டேன். அவருக்கு டீ குடுங்க, பக்கத்துல உட்கார வெச்சு விமானத்த இறக்கிக் காட்டுங்க, வெறுங்கையோட அனுப்பிடுங்க.