லெந்து நாளில் நீங்கள் கேட்ட காபி

என் அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் வலி இல்லை என்று நம்புகிறேன். இதை மட்டும் சந்தேகமில்லாமல் எழுதுகிறேன். மற்ற எல்லாவற்றிலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே மறுபடியும் லெந்து, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நோன்பு நாட்கள். நீங்கள் போன பிறகு வருகிற முதல் லெந்து. என் வீட்டுக்காரர், உங்கள் மகன், நோன்புக்காக இறைச்சியை விட்டிருக்கிறார். தினமும் குழம்பைக் கரண்டியால் துழாவிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறார். உங்கள் நினைவு நாள் நெருங்குவதால் அட்டை அச்சடித்து வந்திருக்கிறது. மயிலாப்பூர் அச்சகத்துக்காரர் உங்கள் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிவிட்டார், அது போகட்டும். படத்துக்குக் கீழே ஒரு வரி போட்டிருக்கிறார்கள்: "ஒரு முனகலும் இன்றித் தன் பாடுகளைச் சகித்தவர்." அடக்க ஆராதனையில் நம் சபை ஆயர் சொன்ன வார்த்தைகள் அவை.

நான் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். ஒரு கூட்டல் இடித்தால் அடுத்த பக்கத்துக்கு மனசு போகாது. இந்த வரியிலும் அப்படித்தான் நின்றுவிட்டேன்.

அத்தை, நீங்கள் முனகினீர்கள்.

முனகியது மட்டுமா? கத்தினீர்கள். அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் தலைமாட்டில் இருந்த பெல்லை விடாமல் அழுத்தினீர்கள். ஆயா ஒருநாள் கதவைப் பிடித்தபடி நின்று உங்களைச் சீண்டினாளே, நினைவிருக்கிறதா?

"இன்னா பெரிம்மா, இந்த அமுக்கு அமுக்கினா பெல்லு தேஞ்சிடும்."

"தேஞ்சா வேற மாட்டச் சொல்லு. நான் தேயுறது ஒனக்குத் தெரியலையா?"

பிறகு நர்ஸ் வந்து ஊசி போடுவார். கொஞ்ச நேரத்தில் உங்கள் புருவம் இறங்கும். படுக்கை விரிப்பைப் பற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விடும். அந்த வேளையில்தான் பார்வையாளர்களை உள்ளே விடுவார்கள், ஆயரும் வருவார். வேறு நேரத்தில் வாசலில் அனுமதி இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்துக் கண்கலங்கி, "எப்பேர்ப்பட்ட சமாதானம் பாருங்கம்மா" என்பார். நானும் ஆமென் என்பேன். அவர் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் அடக்க ஆராதனையில் சொன்னார். ஆனால் அவர் பார்த்ததெல்லாம் ஊசிக்குப் பிறகு.

அந்தச் சமாதானம் ஆண்டவர் கொடுத்ததா, மருந்து கொடுத்ததா? மருந்தும் அவர் கொடுத்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்படியானால் அட்டையில் மருந்துக்கு ஏன் ஒரு வார்த்தை இல்லை?

ஒரு வருஷம் கழித்து இதையெல்லாம் ஏன் கிளறுகிறேன் என்று கேட்பீர்கள். உங்கள் மகள் ஜான்சிக்காக.

அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் ரத்தம் போகிறது. கொட்டிவாக்கம் வீட்டு மாடிப்படியில் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறாள். டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "ரத்தம் ஏத்திட்டு ஆபரேஷன் பண்ணிடணும். இனியும் தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்தும்மா." இவள் தள்ளிப்போடுகிறாள். முதலில் பிள்ளைக்குப் பரீட்சை என்றாள். அப்புறம் லெந்து முடியட்டும் என்றாள். போன வாரம் ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு சாட்சி சொன்னாள்.

"எங்கம்மா கேன்சரையே ஒரு முனகல் இல்லாம தாங்கினாங்க. இது ஆண்டவர் எனக்குக் குடுத்த சிலுவை. நான் இறக்கி வைக்க மாட்டேன்."

பெண்கள் எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். என் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஜான்சியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் நிறமே இல்லை.

அன்றிலிருந்து சிலுவை என்ற சொல்லை யார் சொன்னாலும், யாருக்காக என்று கேட்கத் தோன்றுகிறது. ஆண்டவர் சுமந்தது நமக்காக. ஜான்சி இப்படி ரத்தம் சிந்துவதால் யார் பிழைக்கிறார்கள்? மாப்பிள்ளை பெருங்குடி ஆபீசில் லீவு கேட்டு நிற்க வேண்டாம். அவள் மாமியாருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்து இந்தச் சிலுவையால் கிடைத்த மீட்பு இவ்வளவுதான்.

கோபப்படாதீர்கள். தன்னைத்தான் வெறுத்துத் தன் சிலுவையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற வசனம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. பத்தாவதோடு நின்றவள்தான், ஆனாலும் அடுப்பு மேடையில் வேதத்தை விரித்து வைத்து, குழம்பு கொதிக்கிற நேரத்தில் நானாக வாசித்து வந்திருக்கிறேன். பாடுகள் மனுஷனைப் பக்குவப்படுத்தும் என்பதை நம்புகிறேன். ஆனால் வெயிலில் மாங்காய் பழுப்பதையும் பார்த்திருக்கிறேன், அதே வெயிலில் சில காய் வெம்பிப்போவதையும் பார்த்திருக்கிறேன். வெளியே இரண்டும் மஞ்சள்தான். கத்தி வைத்தால்தான் தெரியும்.

உங்கள் லெந்து நாட்களிலும் கத்தி வைத்துப் பார்க்கிறேன். நாற்பது நாளும் காபியைத் தொட மாட்டீர்கள். அந்த நாற்பது நாளும் உங்கள் கோபத்தை நாங்கள் குடித்தோம். ஈஸ்டருக்கு முந்தின பாடுகளின் வாரம் வந்தால் கூடத்தில் ஃபேனை நிறுத்திவிடுவீர்கள், மயிலாப்பூர் வெயிலில்! உங்கள் மகன் பேப்பரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவார். சமையலறையில் ஃபேனே கிடையாது. எனக்கு வருஷம் முழுக்கப் பாடுகளின் வாரம்தான். அதை யாரும் தவம் என்று சொன்னதில்லை. அப்போதே மனசுக்குள் கேட்டிருக்கிறேன்: அத்தை காபியை விட்டாரா, காபியை விட்டவர் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டாரா?

பாருங்கள், இதை எழுதும்போதே என் மேலும் சந்தேகம் வருகிறது. இது ஜான்சி மேல் உள்ள அக்கறையா, இருபது வருஷ மருமகளின் எரிச்சலா? உங்கள் மகனுக்கும் அதே சந்தேகம்.

"அம்மா போய்ச் சேந்தாச்சு. அவங்க கத்தினாங்க, அழுதாங்கன்னு இப்போ ஊருக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

"ஊருக்கு இல்லீங்க. ஜான்சிக்கு."

"அவ அந்த ஒரு வரியப் புடிச்சிக்கிட்டுதான் நிக்கிறா. அதையும் புடுங்கணுமா?"

"அதப் புடிச்சிக்கிட்டேதான் விழப்போறா."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தை என் பையில் வைத்தார். "ரத்தம் ஊறும்னு சொல்வாங்க" என்றார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஜான்சி சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் ஒரு பிடி எடுத்துக்கொண்டேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை எனக்கு.

"அட்டைல போட்டிருக்கிறது சரியில்ல ஜான்சி. அம்மா முனகினாங்க. ஊசி எப்பன்னு கேட்டுக் கேட்டு அழுதாங்க."

"அண்ணி, எங்கம்மாவப் பத்தி அப்படிப் பேசாதீங்க."

"கூடவே இருந்தவ நான்."

"இருந்தீங்க. யாரு இல்லேன்னா? ஆனா உயிரோட இருந்தப்பவே உங்களுக்கு அவங்களப் புடிக்காது. செத்தப்புறமும் விட மாட்டீங்களா?"

குத்தியது. பாதி உண்மை இருந்ததால்தான் குத்தியது. கீரையைக் கீழே வைத்தேன்.

"பன்னெண்டு வருஷம் ரத்தப்போக்கோட இருந்தாளே ஒருத்தி, அவ இது என் சிலுவைன்னு வீட்ல உக்காந்தாளா? கூட்டத்த இடிச்சிக்கிட்டுப் போயி அவர் வஸ்திரத்தப் புடிச்சா. ஆண்டவர் அவளத் திட்டினாரா?"

"எனக்கே வேதம் சொல்லித் தர்றீங்களா?"

"நீ காலேஜ் படிச்சவ, உனக்கு நான் எங்க சொல்லித் தர்றது? ஆனா அவ போனாளா இல்லையா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இனிப் பயனில்லை என்று பையை எடுத்தேன். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை அவளிடம் சொன்னேன். உங்கள் காபியை.

போன வருஷம் ஆஸ்பத்திரியில், குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் காலை. நீங்கள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"எஸ்தரு, ஒரு வாய் காபி குடு."

"அத்தே, லெந்து நாளு."

"தெரியும்."

"அப்புறம் மனசு கஷ்டப்படுவீங்க."

என்னை உற்றுப் பார்த்தீர்கள். அதுவரை நீங்கள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. செய் என்பீர்கள், இல்லையென்றால் வேண்டாம் என்பீர்கள். அன்றுதான் கேட்டீர்கள்.

"சிலுவைல தொங்கும்போது அவரே தாகமா இருக்குன்னு வாய் விட்டுச் சொன்னாருடி. சொன்னதால கொறஞ்சா போயிட்டாரு? குடு. சக்கர தூக்கலா."

நர்ஸைக் கேட்டுவிட்டு, கேன்டீனில் வாங்கி வந்து ஸ்பூனால் ஊட்டினேன். இரண்டு வாய் இறங்கியது. அடுத்தது கடைவாயில் வழிந்தது, துடைத்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, "நீ குடிச்சியா?" என்றீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்டிராத கேள்வி அது. மீதியை நான் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

வலிதான் உங்களை அந்த இடத்துக்குக் கொண்டுவந்ததா? அல்லது அத்தனை வலியையும் தாண்டி நீங்களே வந்தீர்களா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. யாரிடமும் எதற்கும் கை நீட்டாதவர் என்று ஆயுசு முழுக்கக் காப்பாற்றிய பெயர் ஒன்று உங்களுக்கு இருந்தது. அன்று காலை அதை விட்டீர்கள். நாற்பது நாள் காபியை விடுவதைவிட அது உங்களுக்குக் கடினமாக இருந்திருக்கும். அங்கேயும் கத்தி வைத்துப் பார்த்துவிட்டேன் அத்தை. வெம்பல் இல்லை.

ஜான்சி முகத்தை என் பக்கம் திருப்பினாள். குக்கர் கூவி அடங்கியது.

"சக்கர தூக்கலாவா கேட்டாங்க?"

"ஆமா."

"எனக்கு அரை ஸ்பூனுக்கு மேல போட விட்டதே இல்ல, அந்தம்மா."

சிரித்தாள். சிரித்ததிலேயே மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டாள். பேரீச்சம்பழத்தை வாங்கி உள்ளே வைத்தாள்.

அவள் மனம் மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. இந்தக் காபியையும் சேர்த்து இன்னொரு சாட்சி சொல்லிவிட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிடுவாள் என்றே நினைத்தேன். போன் மணி அடிக்கும்போதெல்லாம் பயமாக இருந்தது. நேற்று காலை அவளே கூப்பிட்டாள்.

"அண்ணி, திங்கக்கிழமை அட்மிட் ஆகச் சொல்லியிருக்காங்க. அவர லீவு போடச் சொல்லிட்டேன். நீங்களும் கூட இருக்கீங்களா? எனக்குப் பயமா இருக்கு."

கேட்டாள், அத்தை. உங்கள் மகள் வாய் விட்டுக் கேட்டாள்.

"அது பாடுகளின் வாரமாச்சே" என்று உங்கள் மகன் இழுத்தார். "அதனாலதான்" என்றேன்.

இந்தக் கடிதத்தைச் சபை மலரில் போடுவார்களா தெரியாது. இதுவரை எழுதியதை ஜான்சி படித்துவிட்டு, போட்டால் போடட்டும் என்றாள். அட்டை மறுபடி அச்சுக்குப் போயிருக்கிறது. காபி கேட்டவர் என்று போடலாமே என்றேன். உங்கள் மகன் முறைத்தார். பெயரும் நாளும் மட்டும் போதும் என்று முடிவாகியிருக்கிறது. நானும் ஒன்று கேட்டுவிட்டேன். சமையலறைக்கு ஃபேன் வருகிறது.

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி நேர ஆராதனையில் என்னைத் தேடாதீர்கள். ஜான்சியின் கட்டிலருகே இருப்பேன். அவள் முனகினால் முனகட்டும். ஊசி தாமதமானால் பெல்லை நான் அழுத்துவேன். ஆயருக்கு வாசலில் அனுமதி வாங்கி வைத்து, இந்த முறை ஊசிக்கு முன்னால் வந்து ஜெபிக்கச் சொல்வேன். டாக்டரம்மா தலையசைத்த உடனே, சர்க்கரை தூக்கலாக ஒரு காபி கலந்து உங்கள் மகளுக்குக் கொடுப்பேன். ஈஸ்டர் வரை காத்திருக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மீதிக் காபியைக் குடித்த உங்கள் மருமகள்,
எஸ்தர்