உன் பெயரில் யாரோ விளையாடுகிறார்கள்

கணினி சூடேறி, உள்ளே படிந்திருந்த புழுதி கருகும் மணம் அறையெங்கும் பரவியிருந்தது. நாம் சேர்ந்து விளையாடிய அந்த விண்வெளித் துப்பாக்கிக் கேமுக்கு எக்ஸ்பான்ஷன் பேக், புதுக் கட்டங்கள் சேர்த்த இணைப்பு, வந்திருக்கிறது, மச்சான். ஒட்டுசுட்டானில் இருக்கிற இணைய வேகத்துக்கு அதை இறக்கி முடிக்க அரைநாள் பிடித்தது. திறந்தால், நண்பர்கள் வரிசையில் உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறது.

நீ போய் ஒரு நெற்போகம் கடந்துவிட்டது. உன்னை எரித்த இடத்தில் நானும் நின்றேன்.

பேக் சுமார்தான். நாம் சுட்டுத்தள்ளும் பழைய எதிரிப் பூச்சிகளுக்கு ஊதா நிறம் பூசியிருக்கிறார்கள். இரண்டு புதுத் துப்பாக்கிகள், பனி மூடிய ஒரு கிரகம், அவ்வளவே. அறிவிப்பு வந்தபோதே நீ சொன்னாய்: "பழசைக் கழுவிப்போட்டுப் புதுசெண்டு தருவாங்கள், பார்." நீ எதையும் லேசில் நம்பாதவன். தரையில் கிடக்கும் மருந்துப் பெட்டியைக்கூடத் தூரத்தில் நின்று ஒருதடவை சுட்டுப் பார்த்த பிறகுதான் எடுப்பாய், சாகக் கிடந்தாலும். நான் அதற்குச் சிரித்ததில்லை. போர் முடிந்து மீள்குடியேறி வந்த புதிதில், மிதிவெடிக்குப் பயந்து, நிலத்தில் கிடக்கும் எதையும் தொடாதே என்று சொல்லித்தான் நம் இருவரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

முதலில் உன் மனைவியின் தம்பியைச் சந்தேகித்தேன். கணினியைக் கொண்டுபோய் விற்றிருப்பான், முகம் தெரியாத எவனோ உன் பெயரோடு திரிகிறான் என்று நினைத்தேன். சத்தம் காட்டாமல் பனிக்கிரகத்துக்குள் பின்தொடர்ந்தேன். வழியில் ஒரு மருந்துப் பெட்டி கிடந்தது. உன் உருவம் பின்னுக்கு நகர்ந்து அதைச் சுட்டது. பிறகு போய் எடுத்தது.

"ஆர் நீ?" என்று தட்டி அனுப்பினேன். விளக்கு அணைந்தது.

மறுநாள் காலை மோட்டார் சைக்கிளில் புதுக்குடியிருப்புக்குப் போனேன். உன் மனைவி கதிரையை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"தங்கச்சி, அவன்ர கொம்பியூட்டரை இப்ப ஆர் பாவிக்கிறது?"

"நான்தான் அண்ணை," என்றாள் நேராகப் பார்த்து. "ஆஸ்பத்திரியால வந்த பிறகு அவருக்குக் கை நடுங்கினது. அவர் சொல்லச் சொல்ல நான்தான் பட்டனை அமத்தினனான். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவர்."

சிறுநீரகம் உன்னைப் படுக்கையில் போட்ட அந்தக் கடைசி மாதங்களில்தான் உன் குறி தப்பாமல் விழத் தொடங்கியது. ஏதோ கள்ள மென்பொருள் போட்டிருக்கிறாய் என்று துருவித் துருவிக் கேட்டேன். ஹெட்செட்டுக்குள் சிரித்தாய். "களவுதான் மச்சான். பிடி பாப்பம்."

"அப்ப ஏன் எனக்குப் பதில் போடேல்லை?" என்று அவளைக் கேட்டேன்.

"செத்த மனிசன்ர பேரில விளையாடுறன் எண்டு தெரிஞ்சா சனம் என்ன கதைக்கும்? பயந்திட்டன்." பிறகு சொன்னாள்: "புதுசு வந்தா விளையாடிப் பார், ஏமாத்தியிருப்பாங்கள் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

"எப்பிடி இருக்கு?"

"பெரிசா ஒண்டுமில்லை அண்ணை. ஆனா முடிக்காமல் விடேலாது."

இப்போது பின்னேரங்களில் அவள் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் அந்தப் பனிக்குள் நடக்கிறோம். பழைய ஆட்டங்களை யோசித்துப் பார்க்கிறேன். எந்த வெடி உன்னுடையது, எது அவளுடையது என்று பிரிக்க முடியவில்லை. நீ என்னைக் காப்பாற்றியதாக நான் நம்பியிருந்த இடங்களில்கூட. "பின்னால பார் மச்சான்" என்று கத்திய குரல் உன்னுடையது. அதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.