பிளாஷுக்குக் கட்டிய வெள்ளைத் துணி

ஜித்தா, 1984

மரியாதைக்குரிய உம்மாவுக்கு மகன் ஆதம்பாவாவின் ஸலாம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அல்லாஹ்வின் கிருபையால் எனக்குச் சுகம்.

போன வியாழன் சம்மாந்துறை மாப்பிள்ளை ஒருவருக்கு இங்கே கல்யாணம். படமெடுக்க எங்கள் ஸ்டூடியோ முதலாளி என்னை அனுப்பினார். பிளாஷ் வெளிச்சத்தைத் தணிக்க ஸ்டூடியோவில் துணி போர்த்த பெட்டியும் வெள்ளைக் குடையும் இருந்தன. தூக்கிப்போக லேசென்று நான் குடையை எடுத்தேன். கல்யாண வீட்டு மொட்டைமாடிக் காற்று அதைப் புரட்டிப் போட்டுக் கிழித்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

உங்களுக்கு இதை வாசித்துக் காட்டும் தங்கச்சி இனி மெல்ல வாசிக்கட்டும். வெறும் பிளாஷில் மாப்பிள்ளையின் முகம் எண்ணெய் வழிகிற மாதிரி மினுங்கியது. மறுநாள் மக்காவில் ஸம்ஸம் தண்ணீரில் நனைப்பதற்காக, நீங்கள் தந்த கபன் துணி என் பையில் இருந்தது. உங்கள் மௌத்தன்று உங்களைப் பொதியவென்று வைத்த துணியைக் குடைக் கம்பியில் கட்டிப் படம் எடுத்தேன் உம்மா.

"வெளிச்சம் நல்ல பதமா இரிக்கி. இது எந்த ஊர்த் துணி?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"மருதமுனை" என்றேன். கபன் என்பதை மறைத்துவிட்டு அடுத்த படத்தை எடுத்தேன். நான் இதுவரை எடுத்ததிலேயே அவைதான் நல்ல படங்கள். அதை நினைக்க இன்னும் வெட்கமாக இருக்கிறது.

கம்பி குத்தித் துணி கிழிந்தும் விட்டது. ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் புதுத் துணியும் கொஞ்சம் மாசிச் சம்பலும் கொடுத்துவிடுங்கள். இங்கே தனியாகச் சாப்பிட ஒன்றும் இறங்குவதில்லை.

தபாலுக்குப் போகிறவர் வாசலில் நிற்கிறார். சம்பலைச் சுணக்காமல் அனுப்புங்கள். துணி எவ்வளவு சுணங்கினாலும் பரவாயில்லை உம்மா.