வான் ஆல்ஸ்டின் கடிதங்கள்

ஹாட்லி, மார்ச் 4, 1811

பனி உருகிச் சாலையெல்லாம் சேறு. தபால் வண்டி இரண்டு நாள் தாமதம். வந்ததில் வான் ஆல்ஸ்டின் கடிதமும் இருந்தது.

பிரிட்டிஷ் ஒப்பந்தத்தை ஆதரித்ததற்காகச் செனட்டர் பெல்டிங்கைத் துரோகி என்று பத்திரிகையில் எழுதியவன். பதினைந்து வருடம் பேச்சில்லை; சென்ற வருடம்தான் மறுபடி கடிதம் எழுத ஆரம்பித்தான். அன்று அவனுக்குப் போன பதில்களில் ஒவ்வொரு வாசகமும் செனட்டரின் எழுத்தராக நான் தீட்டியது. தோல் பட்டறையில் பழைய பத்திரிகைகளை வைத்து நானாக எழுத்துக் கற்றவன் நான். இப்போது செனட்டருக்குக் கண் தெரியவில்லை. நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். இவன் கடிதம் என்றால் மட்டும் முகம் மலர்கிறது. "கேலிப், அந்த ஆல்பனிக்காரன் என்ன சொல்றான், படிப்பா." முப்பத்தோரு வருடத்தில் எனக்காக ஒரு நாள் அந்த முகம் மலர்ந்ததுண்டா?

மார்ச் 5

'என்னளவு உன்னை அறிந்தவர் இன்று உயிரோடு இல்லை' என்று எழுதியிருந்தான். அதை விட்டுவிட்டு, அவன் ஆப்பிள் மரங்களுக்கு உரம் போட்ட வரிக்குத் தாவினேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் ஐயா."

அவரை அறிந்தவன் யார்? நானில்லையா?

ஏப்ரல் 11

ஆல்பனிக்கு வந்து தங்கு, வண்டி அனுப்புகிறேன் என்கிறான். வாசிக்கவில்லை. கடிதத்தின் பின்புறம் வழக்கம்போல் தேதியும் விஷயமும் குறித்தேன். விஷயம்: வானிலை.

மே 2

அதே அழைப்பு, இன்னும் கெஞ்சலாக. விட்டேன்.

"பழைய சண்டைய அவன் மறக்கல. 'வா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா நொண்டிக்கிட்டாவது போயிருப்பேன்" என்றார் செனட்டர்.

சமையல்காரி மெஹிடபெல் என்னையே பார்த்தாள். "ரெண்டு பக்கமும் மை தெரியுது. அவர் ரெண்டு வாய் சாப்பிடறதுக்குள்ள முடிச்சிட்டீரே?"

"போய் உன் ரொட்டியைப் பாரு."

மே 23

வான் ஆல்ஸ்டின் நேரிலேயே வந்துவிட்டான். ஒரு கையில் தடி, மறு கையில் மகளின் தோள். வாசலிலிருந்தே ஆரம்பித்தான்.

"ஏண்டா பெல்டிங், ரெண்டு தடவை கூப்பிட்டேன், பதிலே இல்ல. அவ்வளவு கொழுப்பா?"

"எங்கடா கூப்பிட்ட? ஆப்பிள் மரத்துக்கு உரம் போட்ட கதைதானே எழுதின?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றது. செனட்டர் நான் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். அப்படியே வைத்திருந்தார்.

மே 24

செனட்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் — துரோகி என்றவன் அவன், நானில்லை என்று. மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஜூன் 10

தபால் வந்தது. பதில் எழுதுவது இன்னும் என் வேலைதான், பேனாவோடு காத்திருந்தேன். கடிதத்தை இப்போது மெஹிடபெல் வாசிக்கிறாள். பைபிளைத் தவிர வேறெதையும் படித்திராதவள். எழுத்துக் கூட்டி, தடுமாறி, ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். செனட்டர் அசையாமல் கேட்கிறார். அவள் ஒரு வரிகூட விடுவதில்லை.