ஃபஸ்னாவின் பெட்டியிலிருந்து ஹீட்டரை எடுத்துவிட்டோம்

ஃபஹாஹீல்,
18-1-2008, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஃபஸ்னாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் மூவரும் இங்கே உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், இந்த வாரம் அதை வழக்கத்துக்காகச் சொல்லவில்லை மகளே, மனசாரச் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளை அஸீமும் என் பேரன் அம்மாரும் அந்தக் குன்னூர்க் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து உம்மாவுடையது இல்லையே என்று பதறாதே. என் வலது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருக்கிறது, நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஷிரின் எழுதுகிறாள். போனில் சொல்லலாம் என்றால் ஹலோ ஹலோ என்பதற்குள் பாதிக் கார்டு தீர்ந்துவிடுகிறது, மிச்சப் பாதியில் எதைச் சொன்னாலும் சரி உம்மா சரி உம்மா என்று வைத்துவிடுகிறாய். இது சரி உம்மா என்று விடுகிற விஷயம் இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுத வைக்கிறேன்.

பிள்ளைக்கு நாற்பது நாள்தான் ஆகிறது, தொட்டால் கால் ஐஸாக இருக்கிறது, நம் வீட்டில் இருக்கிறதே அந்த எண்ணெய் ஹீட்டர், அதுபோல ஒன்று யார் கையிலாவது கொடுத்துவிடுங்கள் என்று நீ கேட்டாய் அல்லவா. நீ கேட்ட அன்றைக்கே உன் வாப்பா டியூட்டி முடிந்து வரும்போது புதிதாக ஒன்று வாங்கி வந்துவிட்டார். வாப்பாவோடு வேலை செய்கிற மேட்டுப்பாளையம் முகம்மது சித்தீக் பாய் ஞாயிற்றுக்கிழமை லீவில் போகிறார், அவர் கையில் அனுப்புவதாக ஏற்பாடு. அட்டைப் பெட்டியில் வைத்துக் கயிறு போட்டு இறுக்கி, கறுப்பு மார்க்கரால் ஃபஸ்னா, குன்னூர் என்று நாலு பக்கமும் எழுதியாகிவிட்டது. மாப்பிள்ளை போனில், மாமா அந்த ஊர்ப் பிளக் இங்கே சேராது, வெட்டி எறிந்துவிட்டு ஒயரை நேராக ஓட்டையில் விட்டு இரண்டு தீக்குச்சி சொருகினால் ஓடும் என்று சொல்லியிருக்கிறார். வாப்பாவும் சிரித்துக்கொண்டே, நான் மட்டும் என்ன, இங்கே பேனா மூடியை வைத்துத்தானே ஓட்டுகிறேன் என்றார். உண்மைதான். நம் வீட்டு ஹீட்டர் பழைய சாமான் சந்தையில் வாங்கியது, இரண்டு முள் பிளக், சுவரில் மூன்று ஓட்டை. மேல் ஓட்டையில் பேனா மூடியைக் குத்தினால்தான் கீழே இரண்டும் திறக்கும், இந்த அரபு நாட்டில் எல்லாரும் செய்வதுதான் என்று நாங்களும் செய்தோம். அது போதாதென்று ஃபிரிட்ஜ், டிவி, ஹீட்டர் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில், அந்த ஒயர் சுருட்டியபடியே கட்டிலுக்குப் பின்னால். துணி காயவில்லை என்று ஈரத் துண்டையும் நான் ஹீட்டர் மேலேயே போட்டுவிடுவேன்.

ஷிரின் இரண்டு நாளாகச் சொன்னாள், உம்மா பிளக்கில் கை வைக்க முடியவில்லை, சுடுகிறது என்று. ஹீட்டர் என்றால் சுடத்தானே செய்யும், போய் வெங்காயத்தை நறுக்கு என்று அனுப்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை அசர் தொழுதுவிட்டுத் திரும்பினேன், கட்டிலுக்குப் பின்னாலிருந்து புகை. போர்வை ஓரம் தீப்பிடித்துவிட்டது. நான் ஒன்றும் யோசிக்காமல் பிளக்கைப் பிடித்து இழுத்தேன், அது கழன்று வரவில்லை, உருகின பிளாஸ்டிக் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கொண்டு வாடி என்று கத்தினேன். அவள் வாளியை எடுத்தவள், என்ன நினைத்தாளோ அதைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினாள். உனக்குத்தான் தெரியுமே, பக்காலாக் கடையில் ஒரு குப்பூஸ் ரொட்டிப் பாக்கெட் கேட்கக் கூச்சப்படுகிறவள். எதிர் ஃபிளாட்டில் எட்டு ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தக் கதவுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதே என்று நான்தான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். அந்தக் கதவைப் போய் இரண்டு கையாலும் தட்டியிருக்கிறாள். பரமக்குடிப் பக்கத்து மாயாண்டி என்று ஒரு பிள்ளை, எலக்ட்ரீஷியன், நைட் டியூட்டி பார்த்துவிட்டுத் தூங்கினவர் லுங்கியோடு ஓடி வந்தார். வந்ததும் வாசல் பக்கத்து மெயினை இறக்கினார், அப்புறம்தான் நெருப்புப் பக்கமே போனார், கனமான கம்பளத்தைப் போட்டு அமுக்கிவிட்டார். கரண்டு இருக்கும்போது அந்தத் தண்ணீரை ஊற்றியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதச் சொல்ல நான் இல்லை மகளே. நன்றி சொன்னால், நான் என்னம்மா செஞ்சேன், பாப்பா கதவைப் பேத்துரும்போல தட்டுச்சு, அதுக்குப் பயந்துல்ல வந்தேன் என்கிறார். வட்டலப்பம் செய்து கொடுத்தோம், பாத்திரத்தை வெறுமனே தரக்கூடாதென்று நாலு ஆரஞ்சுப் பழம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இவ்வளவு நடந்தும் உன் பெட்டி அப்படியேதான் இருந்தது. அது புதுசு, அதற்கு ஒன்றும் ஆகாது என்பது வாப்பாவின் பேச்சு. நேற்று சாயங்காலம் சித்தீக் பாய் வந்து பெட்டியைத் தூக்கக் குனிந்தார். ஆட்கள் வந்தால் அடுக்களைத் திரைக்கு இந்தப் பக்கம் வராத ஷிரின், வந்து நின்று, அந்தப் பெட்டி போக வேண்டாம் வாப்பா என்றாள். கட்டின பெட்டியை அவிழ்ப்பதா, நீங்கள் தூக்குங்கள் பாய், யல்லா, கிளம்புங்கள் என்றார் வாப்பா. அவள் தலையைக் குனிந்துகொண்டே, வாப்பா, ஃபஸ்னா லாத்தா வீட்டுக்கு எதிரே மாயாண்டி அண்ணன் இல்லையே என்றாள். வாப்பா என் கைக்கட்டைப் பார்த்தார். அப்புறம் கலாஸ், அவ்வளவுதான் என்று சொல்லி அவரே கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். சித்தீக் பாய், அல்ஹம்துலில்லாஹ், பத்துக் கிலோ மிச்சம், என் மாமியாரின் பால்மாவு டின் எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும் என்று சிரித்தார்.

ஹீட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாயாண்டி என்னிடம் சொன்னதை அப்படியே உனக்குச் சொல்கிறேன், மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு. முதலில் உங்கள் வீட்டு ஒயர் எத்தனை வருஷத்தது என்று வீட்டுக்காரம்மாவைக் கேள், பழைய ஓட்டு வீடு, விளக்குக்குப் போட்ட மெல்லிசு ஒயர் இரண்டாயிரம் வாட் தாங்காதாம். ஹீட்டருக்கென்று தனி லைன், பெரிய முள் பிளக், எர்த் சரியாக இருக்கிறதா என்று தெரிந்த ஆள் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும், எக்ஸ்டென்ஷன் என்ற பேச்சே கூடாது. தொட்டிலிலிருந்தும் ஜன்னல் துணியிலிருந்தும் மூன்று முழமாவது தள்ளி வை, அதன் மேல் பிள்ளையின் துணியைக் காயப்போடாதே, உன் உம்மாவின் புத்தி அது. அரை மணிக்கு ஒருமுறை பிளக்கைத் தொட்டுப் பார், சுட்டால் அணைத்துவிடு. அறையைச் சூடு பண்ணிவிட்டு, தூங்குவதற்கு முன் நிறுத்திவிடு. இங்கே கரண்டுக்குக் கட்டிடக்காரர் கட்டிவிடுகிறார், அங்கே பில் உங்கள் தலையில், அதையும் யோசி. அதற்கு முன்னால் ஜன்னல் இடுக்கில் துணியைத் திணித்துக் காற்றை அடை, பாதிக் குளிர் அதிலேயே போய்விடும். வீட்டுக்காரம்மா சொன்னார் என்று இரும்புச் சட்டியில் கரி போட்டு அறைக்குள் வைக்கலாமா என்று கேட்டாயே, கதவைச் சாத்தின அறையில் கரி வேண்டவே வேண்டாம் மகளே, அந்தப் புகை வாசனை தெரியாமலே ஆளைக் கொன்றுவிடும், ஹீட்டரைவிட அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னும் ஒன்று, இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுதுடி என்று சொல்லிவிட்டேன். என் ஆபரேஷன் சமயத்தில் வீட்டைப் பார்க்க ஆளில்லை என்று ஒன்பதாவதோடு இவள் படிப்பை நிறுத்தினோம். உடம்பு தேறின பிறகும் திருப்பி அனுப்பவில்லை, அது என் தப்பு. படிப்பு இல்லாத பிள்ளை என்று நானே இவள் பேச்சைக் காதில் வாங்காமல் இருந்தேன். இந்த வாரம் இரண்டு வீட்டைக் காப்பாற்றியது இந்தப் பிள்ளைதான். அல்லாஹ்வுக்கும் இவளுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வீட்டிலிருந்தே பத்தாவது எழுதலாமாம், விசாரிக்கிறேன் என்று வாப்பா சொல்லியிருக்கிறார்.

பெட்டியில் ஹீட்டர் இருந்த இடத்தில் பெரிய ரோஜாப்பூ போட்ட கம்பளி இருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் போர்த்திக்கொள்ளலாம். பிள்ளைக்குச் சின்னது தனியாக, அதன் முகத்தை மூடிவிடாதே. ஹீட்டர் எங்கள் கட்டிலுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது, அதன் மேல் உன் பெயரை ஷிரின் எழுதி ஒட்டியிருக்கிறாள். லைன் பார்த்தாயிற்று, பார்த்தவர் இன்ன இன்ன சொன்னார் என்று உன் கையெழுத்தில் கடிதம் வந்த பிறகுதான் அது விமானம் ஏறும். சரி உம்மா என்று மட்டும் எழுதினால் ஏறாது.

அல்லாஹ் உங்கள் மூவரையும் குளிரிலிருந்தும் நெருப்பிலிருந்தும் காப்பாற்றி, நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. அம்மாரின் இரண்டு காலுக்கும் என் முத்தம்.

இடது கையால் கையொப்பமிடும் உன் உம்மா,
ஷம்சியா

லாத்தா, உம்மா என்னைப் பற்றிச் சொன்னதில் கொஞ்சத்தை எழுதாமல் விட்டுவிட்டேன், மன்னித்துக்கொள். பிளக்கைத் தொட்டுப் பார்ப்பதை மட்டும் மறந்துவிடாதே. ஷிரின்.